கத்தி வளர்ந்ததா, தேய்ந்ததா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான்: ஊரில் அம்மாச்சி வைத்திருந்த கறுத்துப்போன இரும்புக் கத்தி நாற்பது வருடமாக வெட்டுகிறது. நகரத்தில் நீங்கள் வாங்கிய பளபளக்கும் எவர்சில்வர் கத்தி மூன்றே மாதத்தில் தக்காளித் தோலில் வழுக்குகிறது. அப்படியானால் கத்தி என்கிற பொருள் காலப்போக்கில் வளர்ந்ததா, தேய்ந்ததா? கீழே பலரும் "அந்தக் காலத்து இரும்பே தனி" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று உலோகத்தைப் பற்றியது. மற்றொன்று கத்தியைக் கூராக வைத்திருப்பது யார் வேலை என்பது. உண்மையில் உங்களை உறுத்துவது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. முப்பது வருடத்துக்கு மேல் பாலிடெக்னிக்கில் பட்டறைப் பாடம் நடத்தியவன். உலை, அரம், சாணைக்கல், கடினம் பார்க்கும் கருவி எல்லாம் கையில் புழங்கியவை. தொல்லியல் என் துறை அல்ல. அந்தப் பகுதியில் நான் சொல்வது படித்துத் தெரிந்துகொண்டதுதான். அதற்கேற்ற மதிப்பைக் கொடுங்கள்.

கூர்மை என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் மனிதன் அதை ஆரம்பத்திலேயே எட்டிவிட்டான். எத்தியோப்பியாவின் கோனா என்ற இடத்தில் கிடைத்த கற்சில்லுகளுக்கு வயது சுமார் 26 லட்சம் ஆண்டுகள். இதில் பெரிய சர்ச்சை இல்லை. கென்யாவின் லொமெக்வியில் 33 லட்சம் ஆண்டுப் பழமையான கருவிகள் கிடைத்ததாக 2015இல் அறிவித்தார்கள். அந்தக் கற்கள் அந்த மண் அடுக்குக்கே உரியவைதானா என்று இன்னும் சிலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம் பக்கத்தில் திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கம் இருக்கிறது. கொற்றலை ஆற்றுப் படுகையில் கிடைத்த கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதற்கு வெகுமுன்பே, 1863 மே மாதம், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்துச் சரளைக்குழியில் ஒரு கற்கருவியைப் பொறுக்கி எடுத்து, இந்தியாவில் கற்கால மனிதன் இருந்தான் என்ற பேச்சைத் தொடங்கிவைத்தார். இன்று விமானம் இறங்குகிற இடத்துக்குப் பக்கத்திலேதான் அது.

உடைந்த கல்லின் விளிம்பை லேசாக எண்ண வேண்டாம். எரிமலைக் கண்ணாடி என்கிற அப்சிடியனைத் தட்டினால் வருகிற விளிம்பு, நல்ல எஃகுச் சவரக்கத்தியின் வாயைவிட மெல்லியது. ஆனால் சற்றே பக்கவாட்டில் திருகினால் சில்லு பெயர்ந்துவிடும். கத்தியின் வரலாறு முழுக்க நடந்தது இந்தப் பேரம்தான். கூரை நீட்டினால் முறியும், முறியாமல் இருக்கச் செய்தால் மழுங்கும், மழுங்காமல் இருக்கச் செய்தால் துருப்பிடிக்கும், துருவைத் தடுத்தால் தீட்டுவது கடினமாகும். ஒவ்வொரு காலத்தவரும் இதில் எதையோ கொடுத்து எதையோ வாங்கினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கத்தி ஒன்றைச் சொல்கிறேன். 1991இல் ஆல்ப்ஸ் பனியில், இத்தாலி ஆஸ்திரியா எல்லையில், ஓட்சி என்று பின்னால் பெயர் வைக்கப்பட்ட மனிதனின் உடல் கிடைத்தது. இறந்து ஏறக்குறைய 5,300 ஆண்டுகள். அவனிடம் கிட்டத்தட்டக் கலப்பே இல்லாத செம்பாலான கோடரி இருந்தது. ஆனால் இடுப்பில் தொங்கிய கத்தி கல்! சிக்கிமுக்கிக்கல் அலகு, மரப்பிடி, மொத்தம் பதின்மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். மரப்பட்டை நாரில் பின்னிய உறை வேறு. செம்பு கையில் இருந்தும் கத்திக்கு ஏன் கல்லை வைத்திருந்தான்? செம்பு மிருது; சின்ன அலகில் கூர் நிற்காது. கோடரிக்குக் கனம் கைகொடுக்கும், கத்திக்கு வாய்தான் எல்லாம். இன்னொன்று, அவனிடம் பென்சில் போல ஒரு மரக்குச்சி இருந்தது. அதன் முனையில் மான்கொம்புத் துண்டு செருகியிருந்தது. கல்லின் விளிம்பை அழுத்தித் தெறிக்கவிட்டு மறுபடி கூராக்கும் கருவி அது. அவன் தன் கருவிகளைத் திரும்பத் திரும்பத் தீட்டி, ஏறக்குறைய தீர்ந்துபோகும் நிலைவரை கொண்டுவந்திருந்தான் என்று 2018இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. அதாவது கத்தி, உறை, தீட்டும் கருவி மூன்றும் சேர்ந்ததுதான் அவன் கணக்கில் ஒரு கத்தி. நாம் இன்று கடையில் வாங்குவது மூன்றில் ஒன்றை மட்டும்.

செம்பில் வெள்ளீயம் கலந்து வெண்கலம் வந்தது. வாயைச் சுத்தியலால் தட்டித் தட்டி இறுக வைத்தார்கள். பிறகு இரும்பு. இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் கலைக்க வேண்டும். இரும்பு வந்ததும் வெண்கலம் தோற்றது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். கரி ஏறாத தேனிரும்பு, நன்றாகத் தட்டி இறுக்கிய வெண்கலத்தைவிட மிருதுவானது. ஆரம்பகாலத்து இரும்பு அரிய பொருளும்கூட. எகிப்திய மன்னன் தூத்தங்காமுனின் கல்லறையில் இருந்த இரும்புக் குத்துவாள் விண்கல் இரும்பில் ஆனது என்று 2016இல் உறுதிசெய்தார்கள். அதில் ஏறக்குறைய 11 சதவீதம் நிக்கல் இருக்கிறது. இரும்பு ஜெயித்ததற்கு முக்கியக் காரணம், அதன் தாது எங்கும் கிடைத்தது, வெள்ளீயம் எங்கும் கிடைக்கவில்லை. கத்திக்கு அது உண்மையிலேயே உயர்ந்தது இரண்டு விஷயங்கள் பிடிபட்ட பிறகுதான். உலைக்கரியிலிருந்து கொஞ்சம் கார்பனை இரும்புக்குள் ஏற்றுவது, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ சட்டென்று அமிழ்த்துவது.

அந்த அமிழ்த்துவதைக் கொல்லர்கள் தோய்ச்சல் என்பார்கள். சுமார் 800 டிகிரி சூட்டில் இருக்கும் எஃகைத் தண்ணீரில் தோய்த்தால் அது கண்ணாடிபோலக் கடினமாகிவிடும். கீழே போட்டால் உடையும். அதனால் மறுபடி மெல்லச் சூடாக்கிக் கொஞ்சம் இளக்க வேண்டும். முதுகுப் பக்கம் சூடு கொடுத்தால் துலக்கிய அலகின் மேல் நிறம் ஓடிவரும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு தவிட்டு நிறம், ஊதா, நீலம். வாய்க்கு மஞ்சள் வந்ததும் நிறுத்தினால் கூர் நிற்கும் கத்தி. நீலம்வரை விட்டால் வளையும், ஆனால் முறியாத ஸ்பிரிங். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே எண்பது டிகிரிதான் வித்தியாசம். வெப்பமானி இல்லாமல், கார்பன் என்ற சொல்லே தெரியாமல், கண்ணால் பார்த்தே அதைச் செய்தவர்கள் அவர்கள். மாணவர்களுக்கு நான் கருவி வைத்துக் கற்றுக்கொடுத்தேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருமுனைப் பட்டறைக்காரர்.

தமிழ்நாட்டில் இரும்பு எப்போது வந்தது என்று கட்டாயம் யாராவது கேட்பீர்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த மாதிரிகளுக்குக் கி.மு. 2172 என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் மாதிரிகள் கி.மு. 3345 வரை போகின்றன என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். கரியும் மண்ணும் அந்தக் காலத்தைக் காட்டுகின்றன என்பதுவரை ஆய்வகத்தின் முடிவு. பக்கத்தில் கிடந்த இரும்பும் அதே காலத்ததுதானா, உருக்கிய உலை எங்கே என்ற விவாதம் தொல்லியலாளர்களிடையே நடக்கிறது. அதற்குள் புகுந்து தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆதிச்சநல்லூரிலும் கொடுமணலிலும் கிடைத்த இரும்பு, கத்தியும் வாளும் ஈட்டியுமாக ஒரு முதிர்ந்த தொழிலைக் காட்டுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

உருக்கு பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது நேராக உங்கள் எவர்சில்வர் கத்தியில் கொண்டுபோய் விடும். மண்மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்குடுவையில், இரும்பையும் கரிப்பொருளையும் வைத்து மூடி, நெடுநேரம் ஊதி, உருகவைத்து ஆறவிட்டால் ஒன்று முதல் இரண்டு சதவீதம்வரை கார்பன் ஏறிய எஃகுக் கட்டி கிடைக்கும். கன்னட, தெலுங்கு 'உக்கு' என்பதிலிருந்து ஆங்கிலேயர் அதை 'ஊட்ஸ்' ஆக்கினார்கள் என்பது பொதுவான கருத்து. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கட்டிகள் லண்டனுக்குப் போயின. அங்கே ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரர் அதில் கத்தி அடித்துப் பார்த்து வியந்தார். கொல்லரின் மகனான விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து, இந்த எஃகின் ரகசியம் என்ன என்று தேடத் தொடங்கினார். ஃபாரடே 1819இல் சொன்ன காரணம் தவறு. கார்பனை விட்டுவிட்டு அலுமினாவையும் சிலிக்காவையும் காட்டினார். ஆனால் அந்தத் தவறான தேடல் ஒரு நல்ல பழக்கத்தை உண்டாக்கியது. எஃகில் வேறு வேறு உலோகங்களைத் திட்டமிட்டுக் கலந்து பார்க்கும் பழக்கம். அதே காலத்தில், 1821இல், பிரான்சில் பியர் பெர்த்தியே என்பவர் குரோமியம் கலந்த இரும்பை அமிலம் அவ்வளவாகத் தின்பதில்லை என்று கண்டு, கத்திகளுக்கு இது ஆகும் என்று எழுதியே வைத்தார். அவருக்குக் கிடைத்த கலவையோ முறிந்துவிடும் ஜாதி. சரியான கலவை வர இன்னும் தொண்ணூறு வருடம் ஆயிற்று.

அதுவரை துருவுக்கு ஒரே மருந்து எண்ணெயும் உபயோகமும்தான். புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவையார் தொண்டைமானின் ஆயுதச்சாலையைப் பார்த்துவிட்டுச் சொல்வது நினைவிருக்கும். இங்கே இருப்பவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவல் மிக்க அரண்மனையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோல இகழும் அந்தப் பாட்டை எல்லோரும் அரசியலுக்காகப் படிக்கிறார்கள். என் கண்ணில் படுவது இரண்டு பட்டறைச் செய்திகள். சும்மா கிடக்கும் எஃகுக்கு நெய் பூச வேண்டும். உழைக்கும் எஃகு அவ்வப்போது கொல்லனிடம் போய்த்தான் திரும்பும். உங்கள் அம்மாச்சி வீட்டுக் கத்திக்கும் இதே சட்டம்தான்.

அந்தக் கத்தியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். எஃகு விலை கூடிய காலத்தில் முழுக் கத்தியையும் எஃகில் அடிக்கமாட்டார்கள். உடம்பு தேனிரும்பு, வாயில் மட்டும் ஒரு எஃகுப் பட்டையை வைத்து உலையில் ஒட்டிவிடுவார்கள். ஐரோப்பாவிலும் இப்படித்தான், ஜப்பானிலும் இப்படித்தான். ஜப்பானியக் கைவேலைக் கத்திகள் பலவற்றில் இன்றும் உண்டு. மிருதுவான உடம்பு அதிர்ச்சியைத் தாங்கும், கடினமான வாய் வெட்டும். நம் ஊர்களில் பிறகு லாரியின் ஸ்பிரிங் பட்டை கிடைக்கத் தொடங்கியதும் முழுக்க அதிலேயே அடிக்க ஆரம்பித்தார்கள். அதில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் கார்பன் இருக்கும். அரிவாளுக்கும் வீட்டுக் கத்திக்கும் தோதான சரக்கு. அலகின் வால் பிடிக்குள் போய், அரக்கு உருக்கி ஊற்றி, வாயில் பூண் மாட்டியிருக்கும். அந்தக் கறுப்பு நிறம் அழுக்கு அல்ல. வாழைக்காய், கத்தரிக்காய்க் கறையும் இரும்பும் சேர்ந்து உண்டாகும் கருமை, இரும்பின் கறுத்த ஆக்சைடு எல்லாம் கலந்த ஒரு மெல்லிய போர்வை. சிவப்புத் துரு உள்ளே இறங்குவதை அது ஓரளவு தடுக்கும். அந்தக் காலத்து மையும் ஏறக்குறைய இதே வேதியியல்தான், துவர்ப்புப் பொருளும் இரும்பு உப்பும்.

மை என்றதும் பேனாக்கத்தி ஞாபகம் வருகிறது. இறகுப் பேனாவின் முனையைச் சீவ வைத்திருந்த சின்னக் கத்தி என்பதால் ஐரோப்பாவில் அந்தப் பெயர். பேனா போனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. நம்மிடம் மடக்கெழுத்தாணி இருந்தது. ஒருபக்கம் ஓலையில் எழுதும் ஆணி, மறுபக்கம் ஓலையை நறுக்கும் கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கும். எழுதுகிறவனுக்குக் கத்தி வேண்டும் என்பது இரண்டு ஊரிலும் ஒன்றுதான். மடக்குவது புதிய யோசனையும் அல்ல. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் கி.மு. ஆறாம் நூற்றாண்டை ஒட்டிய மடக்குக்கத்தி கிடைத்திருக்கிறது.

சாப்பாட்டு மேசைக் கத்தியின் முனை ஏன் மொட்டையாக இருக்கிறது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். பிரான்சில் கார்டினல் ரிஷ்லியூ, விருந்தாளி ஒருவர் கத்திமுனையால் பல் குத்துவதைப் பார்த்து அருவருத்து முனைகளை மழுக்கச் சொன்னார் என்று. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நான் இதைக் கதை என்றே வைத்துக்கொள்கிறேன். நம்பத் தகுந்த காரணம் எளிமையானது. அதற்குமுன் ஐரோப்பியர் தங்கள் சொந்தக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு விருந்துக்குப் போவார்கள், கத்தியால் வெட்டி அதன் முனையாலேயே குத்தி வாய்க்குக் கொண்டுபோவார்கள். முள்கரண்டி பரவியதும் குத்தும் வேலை அதற்குப் போய்விட்டது. வேலை இழந்த முனை உருண்டையாயிற்று. கையால் சாப்பிடுகிற நமக்கு அந்தப் பிரச்சினையே வரவில்லை. நம் கத்தி அடுக்களையோடு நின்றுவிட்டது, வெட்டும் வேலை முழுவதும் உணவு இலைக்கு வருமுன்பே முடிந்துவிடும்.

இப்போது ஷெஃபீல்டு. இங்கிலாந்தின் அந்த ஊர் 14ஆம் நூற்றாண்டிலேயே கத்திக்குப் பேர்போனது; 1624இல் கத்திக்காரர்களின் சங்கமே சட்டப்படி அமைந்தது. 1740களில் கடிகாரக்காரர் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மேன், கடிகார ஸ்பிரிங்குக்கு நல்ல எஃகு கிடைக்கவில்லை என்று மூசையில் எஃகை உருக்கக் கற்றுக்கொண்டார். உள்ளூர்க் கத்திக்காரர்கள் அது ரொம்பக் கடினம், வேலை செய்ய வராது என்று ஒதுக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வாங்கிப் போய் நல்ல கத்தி அடித்துச் சந்தைக்கு விட்ட பிறகுதான் ஷெஃபீல்டு விழித்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே ஊர் இதே தவறை மறுபடி செய்யும்.

அங்கே கத்தி அடிப்பவர் வேறு, தீட்டுபவர் வேறு. சுழலும் மணற்கல்லின்மேல் குனிந்து தீட்டுபவர்களின் நுரையீரலில் கல்தூசு படியும். வறட்டுச் சாணைக்காரர்கள் 35 வயதையும், தண்ணீர் விட்டுத் தீட்டுபவர்கள் 45 வயதையும் தாண்டுவது அபூர்வம் என்று, கார்ல் மார்க்சின் தோழரான ஏங்கெல்ஸ் 1845இல் வெளிவந்த நூலில், ஷெஃபீல்டு மருத்துவர் ஒருவரை ஆதாரம் காட்டி எழுதியிருக்கிறார். இருப்பவர்களில் அதிகம் குடிப்பவர்தான் அதிக நாள் இருந்தார், ஏனென்றால் அடிக்கடி வேலைக்கு மட்டம் போட்டார் என்பதையும் அதே மருத்துவர் சொல்லியிருக்கிறார். கூரான வாய் என்பது யாரோ ஒருவரின் கை உழைப்பு, சில ஊர்களில் உயிரும்கூட. எங்கள் பட்டறையில் முகமூடி இல்லாமல் சாணைச் சக்கரத்தருகே யாரையும் நான் விட்டதில்லை.

எஃகுக் கத்தியில் இன்னொரு தொல்லை, ருசி. எலுமிச்சை பிழிந்த மீனையோ புளித்த பழத்தையோ கார்பன் எஃகால் வெட்டினால் ஒரு இரும்பு வாடை ஏறும். பணக்கார ஆங்கில வீடுகளில் மீனுக்கும் பழத்துக்கும் வெள்ளி அலகு வைத்த கத்திகளைத் தனியாக வைத்திருந்தது இதனால்தான். ஏழை வீட்டில் தினமும் சாம்பலோ செங்கல் தூளோ போட்டுத் தேய்த்தார்கள். இந்த நிலையில்தான் ஹாரி பிரயர்லி வருகிறார். ஷெஃபீல்டு எஃகு உருக்குபவரின் மகன், பன்னிரண்டு வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது, ஆய்வகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து வேதியியல் கற்றவர். துப்பாக்கிக் குழல் உள்ளே தேய்ந்துபோவதைத் தடுக்கச் சொன்னார்கள். 1913 ஆகஸ்டில் 12.8 சதவீதம் குரோமியமும் 0.24 சதவீதம் கார்பனும் உள்ள எஃகை உருக்கினார். நுண்ணோக்கியில் பார்க்க அமிலம் தடவினால் அமிலம் கடிக்கவே இல்லை. துப்பாக்கியை விட்டுவிட்டு அவர் மனம் கத்திக்குத் தாவியது. கத்திக்காரர்கள் என்ன செய்தார்கள்? அடிக்க வரவில்லை, தோய்ச்சல் ஏறவில்லை என்று கைவிரித்தார்கள். "வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்" என்று அவருக்குப் பட்டப்பெயரும் வைத்தார்கள். உங்கள் புகாருக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது, பாருங்கள்!

காரணம் கத்திக்காரர்களின் கையில் இருந்தது. சாதாரண எஃகை 800 டிகிரிக்குக் காய்ச்சித் தோய்த்துப் பழகியவர்கள் இதையும் அப்படியே தோய்த்தார்கள். குரோமியம் கலந்த எஃகுக்கு ஆயிரம் டிகிரி போல வேண்டும். இல்லாவிட்டால் கார்பன் குரோமியத்தோடு கட்டிக்கொண்டு கிடக்கும், எஃகு இறுகாது. எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தித் தொழிற்சாலை மேலாளர் பொறுமையாகச் செய்து பார்த்து, வினிகரிலும் போட்டுப் பார்த்து, இதற்கு 'ஸ்டெயின்லெஸ்', அதாவது கறைபடாதது என்று பெயர் வைத்தார். முதலில் கண்டுபிடித்தவர் பிரயர்லிதானா என்றால், அது யார் எதைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஜெர்மனியில் குருப் நிறுவனத்தார் 1912இலேயே குரோமியமும் நிக்கலும் சேர்ந்த எஃகுக்குக் காப்புரிமை கேட்டார்கள், அமெரிக்காவில் எல்வுட் ஹேய்ன்ஸ் தனியாக உழைத்துக்கொண்டிருந்தார். கத்திக்கு ஏற்ற எஃகைக் கத்தியாகப் பார்த்தவர் பிரயர்லி என்பதுவரை நான் தைரியமாகச் சொல்வேன். சுவிட்சர்லாந்தில் 1891 முதல் ராணுவத்துக்கு மடக்குக்கத்தி கொடுத்துவந்த கார்ல் எல்ஸனரின் நிறுவனம், தாய் விக்டோரியாவின் பெயரோடு, துருப்பிடிக்காதது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சுருக்கமான 'இனாக்ஸ்' என்பதை 1921இல் சேர்த்துக்கொண்டு விக்டோரினாக்ஸ் ஆனது. பெயரிலேயே எஃகை வைத்துக்கொண்டார்கள்.

நாம் எவர்சில்வர் என்று ஒரே பெயரில் கூப்பிடுவதில் இரண்டு வேறு வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது உங்கள் கேள்விக்கு முக்கியம். குடம், தட்டு, டம்ளர் எல்லாம் பெரும்பாலும் ஜெர்மன் வழிப் பிள்ளை. 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். அது எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் இறுகாது, கத்திக்கு உதவாது. கத்திக்கு வேண்டியது பிரயர்லி வழிப் பிள்ளை. நிக்கல் இல்லாமல், கார்பனோடு. காந்தத்தை வைத்துப் பாருங்கள். கத்தி அலகில் பலமாக ஒட்டவில்லை என்றால் அது தட்டுத் தகட்டில் வெட்டிய கத்தி. திரும்பக் கொடுத்துவிடுங்கள், தீட்டிப் பயனில்லை. ஒட்டினால் மட்டும் நல்ல கத்தி என்றும் சொல்ல முடியாது, கார்பன் குறைவான மலிவு எஃகும் ஒட்டும். கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் சாதாரண வீட்டு எவர்சில்வர் கத்தி 52 முதல் 56 வரை இருக்கும், ஜப்பானிய நல்ல கத்திகள் 60ஐத் தாண்டும். ஜப்பானியக் கத்தி எலும்பில் பட்டால் சில்லு பெயரும். நம் மலிவுக் கத்தியின் வாய் மடங்கும். மடங்கிய வாயை நிமிர்த்திவிடலாம், பெயர்ந்ததைக் கல்லில் தேய்த்துத்தான் மீட்க வேண்டும். இரண்டில் எது மேல் என்பது, நீங்கள் ஆட்டுக்கறி வெட்டுகிறீர்களா, வெள்ளரிக்காய் சீவுகிறீர்களா என்பதைப் பொறுத்தது.

அரிவாள்மனையை விட்டுவிட்டு இந்தப் பதிலை முடித்தால் அம்மாச்சிக்குக் கோபம் வரும். கத்தியை நகர்த்தாமல் காயை நகர்த்துவது எவ்வளவு அருமையான யோசனை. காலால் மனையை மிதித்துக்கொண்டால் இரண்டு கையும் காய்க்கு. பூசணிக்காயைப் பிளக்க உடம்பின் எடையே உதவும், கீரையை ஒரு பிடியாகப் பிடித்துத் தள்ளலாம். வங்காளத்தில் 'போட்டி' (boti) என்ற பெயரில் இதே கருவி உண்டு. அது மறைந்ததற்குக் காரணம் கருவியின் குறை என்று நான் நினைக்கவில்லை. நின்றுகொண்டு சமைக்கும் மேடை வந்தது, தரையில் உட்காரும் முழங்கால்கள் குறைந்தன. அதோடு ஒரு இழப்பும் வந்தது. அரிவாள்மனையின் அலகு தடிப்பு, அதைத் தீட்ட ஆள் தெருவுக்கே வருவார். மெல்லிய எவர்சில்வர் கத்தியை மேடைக்குக் கொண்டுவந்தோம், தீட்டுபவரை விட்டுவிட்டோம்.

சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, மிதித்துச் சக்கரக்கல்லைச் சுழற்றி, பொறி பறக்கச் "சாணை... கத்தி சாணை..." என்று வந்தவரை உங்கள் வயதில் பார்த்திருக்கிறீர்களோ இல்லையோ. அவர் மாதம் ஒருமுறை வந்தார். நடுவில் அம்மாச்சி என்ன செய்தார் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அம்மிக்கல்லின் ஓரத்திலோ, கருங்கல் படியிலோ நாலு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் மீனை எடுத்திருப்பார். யாரும் அதை ஒரு வேலையாகச் சொல்லியிருக்கமாட்டார்கள், அரிசி களைவதுபோல அதுவும் ஒன்று. கார்பன் எஃகு அந்த நாலு இழுப்புக்கே வழிக்கு வந்துவிடும். எவர்சில்வரில் குரோமியமும் கார்பனும் சேர்ந்து உண்டாகும் துணுக்குகள் கடினமானவை, அதற்குப் பத்து இழுப்பு வேண்டும், நாலு போதாது. புதுக்கத்தி வாங்கியவர் ஒரு இழுப்பும் இழுப்பதில்லை. மூன்று மாதம் என்று நீங்கள் எழுதியது சரியான கணக்கு. தீட்டாத கத்தி அவ்வளவுதான் தாங்கும். அதுவும் நீங்கள் கண்ணாடிப் பலகையிலோ கிரானைட் மேடையிலோ வைத்து வெட்டுகிறவராக இருந்தால் மூன்று வாரம்.

உங்கள் கத்திக்குச் சாணைக்கல் வாங்க வேண்டாம், முதலில் ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மெருகு பூசாத சொரசொர வளையம் ஒன்று இருக்கும். அதன்மேல் அலகைப் படுக்கவைத்து, முதுகை மட்டும் பதினைந்து இருபது டிகிரி தூக்கி, வாயை முன்னால் விட்டு இழுங்கள். ஒரே பக்கமாகத் தேய்த்துக்கொண்டே போனால் எதிர்ப்பக்கத்தில் விரலுக்கு ஒரு பிசிறு தட்டுப்படும். அது வந்தால்தான் வாய்வரை தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், பாதியில் விடுகிறவர்கள் எல்லாம் இது வருமுன்பே விட்டவர்கள். பிறகு மறுபக்கம் அதேபோல. கடைசியில் பக்கத்துக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மெல்ல இழுத்துப் பிசிறை எடுத்துவிடுங்கள். தக்காளித் தோல் தானாகப் பிளக்கும்.

அம்மாச்சியின் கத்தியில் மட்டும் அவசரப்பட்டு அந்தக் கருமையைத் தேய்த்து எடுக்காதீர்கள். புளியோ எலுமிச்சையோ பட்டால் உடனே கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள். நாற்பது வருடம் தேய்ந்த அலகில் எஃகு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன அரம் போதும். வாயின் ஓரத்தில் லேசாக வைத்து இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் எஃகு இன்னும் இருக்கிறது. இழுத்த இழுப்புக்குத் தூள் சுரண்டி வந்தால் எஃகு தீர்ந்து வெறும் இரும்பில் நிற்கிறது, இல்லையென்றால் என்றைக்கோ அடுப்பில் பட்டுத் தோய்ச்சல் இறங்கியிருக்கிறது. இரண்டில் எதுவானாலும் கொல்லர் ஒருவர் அகப்பட்டால் சரிசெய்துவிடலாம். பிடியைக் கழற்றும்போது உள்ளே இருக்கிற அரக்கை மட்டும் சூடுகாட்டி எடுக்கச் சொல்லுங்கள், தட்டி எடுத்தால் பழைய மரம் பிளந்துவிடும்.